புகை போகும் சன்னல்

“எல்லாம் பழையபடி ஆயிடுச்சு. இன்னும் ஏன் வர மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டாள் தைலம்மை.

மாடத்தியம்மாள் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். கொட்டை ஒரு பக்கம், சதை ஒரு பக்கம்.

மனசு சரியில்லாதவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசிவிட்டாலோ, கேட்டவருக்கு ஒரு வாரம் தூக்கம் போய்விடும்.

தைலம்மை ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவள். மேலத்தெருக்காரி கீழத்தெருவுக்கு வருகிறாளே என்று ஊர் வாயைப் பிளந்தது. அவள் சட்டை செய்யவில்லை. மாடத்தியம்மாள் வீட்டுப் பானையிலேயே தண்ணீர் மொண்டு குடிப்பாள். குடிப்பதை நாலு பேர் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளவும் செய்வாள்.

‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவாள். இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் வயது ஏறக்குறைய ஒன்றுதான். மாடத்தியம்மாளுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கும்.

“கடையில முதல் இலை உங்களுக்குத்தான்னு நேர்ந்திருக்கேன். நீங்க வந்து சாப்பிடாம வெளியாளுக்கு ஒரு வாய் காப்பி கிடையாது. நாலு மாசமா இதோ அதோன்னு இழுக்கிறீங்க.”

“பழையபடி ஆகட்டும், வர்றேன்னு சொன்னேன். ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சும்மா!”

“என்னென்ன?”

தைலம்மை விரல் விட்டு எண்ணினாள். அவள் தாத்தா கட்டிய தெய்வயானை விலாஸ், மலைக்கோயில் சாலையில் முப்பது வருஷம் பூட்டிக் கிடந்தது. கீழே சாப்பாட்டுக் கடை, மாடியில் வழிப்போக்கர் தங்க எட்டு அறை. இப்போது சலவைக்கல் மேசை பளபளக்கிறது. தேக்குக் கதவு கிறீச்சிடாமல் திறக்கிறது. மாடியில் அதே கயிற்றுக் கட்டில். அடுப்படியில் தாத்தா கைப்பக்குவத்திலேயே தேங்காய்ப்பால் சொதி.

“கூரை ஓடு ஒண்ணைக்கூட மாத்தலை,” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நல்லாத் தேடிப் பாரு.”



தைலம்மை முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினாள். இனி என்னத்தைத் தேட? தரையையா தோண்ட?

தோண்ட வேண்டியிருக்கவில்லை.

கட்டட வேலையைப் பார்த்த இன்ஜினியர் செல்வின், திங்கட்கிழமை அடுப்படிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. காரையைப் பெயர்த்தார். உள்ளே செங்கல் வைத்து அடைத்த ஒரு சன்னல். ஒரு முழச் சதுரம். பின்சந்துப் பக்கம் பார்த்து இருந்தது. அதன் அடிக்கல் தண்ணீர் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருந்தது.

“அக்கா, இது எதுக்கு?”

தைலம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“புகை போக.”

“புகை மேலதான போகும்? இது இடுப்பு உயரத்துல இருக்கே?”

“எங்க தாத்தா காலத்துப் புகை அப்படித்தான்.”

செல்வின் சிரித்தார். ஆனால் அவர் எதையும் விட்டுவைக்கிற ஆள் இல்லை. செங்கல்லை எடுத்து, சட்டத்துக்கு எண்ணெய் பூசி, மேலே பித்தளைத் தகடு ஒன்றும் அடித்துவிட்டார்.

‘அக்காலப் புகைச் சன்னல்.’

தைலம்மை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.



வெள்ளிக்கிழமை வந்தது.

“வேற ஏதாச்சும் கிடைச்சுதா?” என்று கேட்டாள் மாடத்தியம்மாள்.

“ஒண்ணும் பெரிசா இல்ல. ஒரு சன்னல்.”

“என்ன சன்னல்?”

“சும்மா... புகை போறதுக்கு.”

புளி தட்டிய கை அப்படியே நின்றது.

“நாளைக்கு வர்றேன்,” என்றாள்.



மறுநாள் மத்தியானம் சலவைக்கல் மேசையில் தலைவாழை இலை போட்டாயிற்று. தைலம்மை சந்தனக் கிண்ணத்தோடு முன்வாசலில் நின்றாள். சொதியில் உப்பு சரியா, பாயசம் ஆறிவிட்டதா, கோலத்தை யாராவது மிதித்தார்களா என்று ஒரே தவிப்பு.

மாடத்தியம்மாள் வந்தாள். வெளுத்த சேலை கட்டியிருந்தாள். முன்வாசல் அருகே வந்தாள். தைலம்மை கிண்ணத்தை நீட்டினாள்.

அவள் நிற்கவில்லை. வாசலைக் கடந்து, மூலை திரும்பி, பின்சந்துக்குள் போய்விட்டாள்.

“அம்மா! அங்க இல்ல, இங்க!”

தைலம்மை கிண்ணத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தைத் தாண்டி, இலையைத் தாண்டி, அடுப்படிக்கு.

சன்னலுக்கு வெளியே மாடத்தியம்மாள் குனிந்து நின்றாள். நரைத்த உச்சி மட்டும் தெரிந்தது. அதற்கு முன்னால், சேர்த்துக் குவித்த இரண்டு கைகள்.

“தாகமா இருக்கு,” என்றாள்.

“உள்ள வாங்கம்மா. இலை போட்டிருக்கு.”

“பழையபடிதான வரச் சொன்ன?”

பின்னால் வந்து நின்ற செல்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. “அம்மா, அது புகை போறதுக்கு வச்ச சன்னல்,” என்றார்.

“அப்படியா தம்பி? புகைக்கும் தாகம் எடுக்கும்.”

செல்வின் வழவழத்த அடிக்கல்லைப் பார்த்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார். தைலம்மையைப் பார்த்தார். பிறகு மெதுவாக வெளியே போய்விட்டார்.

அவர் ஏதாவது திட்டிவிட்டுப் போயிருக்கலாம் என்று இருந்தது தைலம்மைக்கு.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அவளை இந்தச் சன்னலில்தான் நிற்க வைத்தார் தாத்தா. எட்டாது என்று ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். கீழத்தெருக்காரர்கள் இந்த வழியாகத்தான் தண்ணீர் கேட்க வேண்டும். ‘செம்பு ஒரு முழம் மேலயே நிக்கணும். அவங்க கையில பட்டுறக் கூடாது’ என்று சொல்லிக் கொடுத்தார்.

அது தாத்தா சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்று உண்டு. அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவள் வயதிலேயே ஒரு பெண் புளிக்கூடையோடு வருவாள். கையைக் குவிப்பாள். தைலம்மை செம்பை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். விழுகிற தண்ணீருக்குப் பின்னாலேயே அந்தப் பெண்ணின் கைகள் ஓடும். தைலம்மைக்குச் சிரிப்புத் தாங்காது. முக்காலியிலிருந்து விழுந்துவிடுகிற அளவுக்குச் சிரிப்பாள். தினம் தினம் அந்த விளையாட்டு.

அந்தப் பெண்ணின் பேரை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

“தைலு,” என்றது சன்னலுக்கு வெளியே குரல். “கை வலிக்கு.”

தைலம்மை செம்பை எடுத்தாள். தாழ்த்தி ஊற்றத்தான் நினைத்தாள். கை தானாக ஒரு முழம் மேலே போய் நின்றது. அதை இறக்கவும் முடியவில்லை, அங்கேயே வைத்திருக்கவும் முடியவில்லை. உடம்பு முழுக்க நடுங்கியது.

தண்ணீர் இடப்பக்கம் போயிற்று. வலப்பக்கம் போயிற்று.

அந்த வயசான கைகள் ஒரு சொட்டு தவறாமல் கூடவே போயின.

“இன்னும் ஆட்டிக்கிட்டுதான் இருக்க,” என்றாள் மாடத்தியம்மாள்.