பவளம் படுத்த பகல்

பாவாத்தாளைத் தேடி வருகிறவர்கள் முதலில் கடவுளைப் பற்றித்தான் கேட்பார்கள். நாட்ராயன் தன் குதிரையைப் பற்றிக் கேட்டார்.

"என்ற குதிரை என்னை மன்னிக்குமுங்களா, அம்மா?"

பாவாத்தாள் அப்போது அடுப்புக்கு மூன்றாவது கல் தேடிக்கொண்டிருந்தாள். கல் கிடைத்தது. வைத்து, ஆட்டிப் பார்த்து, ஆடாமல் இருக்க அடியில் ஒரு சில்லைச் சொருகினாள்.

"சோறு ஆகட்டுங்கண்ணா" என்றாள்.

இந்தப் பதிலுக்காகவா மஞ்சள் மண்டியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு மலையேறி வந்தோம் என்று நாட்ராயனுக்குத் தோன்றாமல் இல்லை. அவர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை அம்மா என்பார். கேட்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். அவர்கள் இருவருக்கும் ஒரு குழப்பமும் இல்லை.

அவர்கள் தங்கியிருந்த இடத்தைத் தாவளம் என்பார்கள். குதிரையோடு மலைக்குப் போகிறவர்கள் இறங்கி இளைப்பாறும் காட்டு வெளி. சுவர் இல்லாத ஒரு புல் கூரை, முன்னே வந்தவர்கள் விட்டுப்போன கரிக்கல், தண்ணீருக்கு ஒரு கல்தொட்டி. அதற்கு மேல் அங்கே வசதி கிடையாது. இரண்டு வேங்கை மரங்களுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு வடக்கயிறு ஓடும். குதிரைகளை அந்த வடத்தில்தான் கட்ட வேண்டும். மரத்தில் கட்டினால் குதிரை பட்டையைக் கடித்தே மரத்தைக் கொன்றுவிடும்.

போன வருஷம் நாட்ராயன் தனியாக இதே தாவளத்தில் தங்கியபோது அவருக்கு இது தெரியாது. தன் பெண்குதிரை பவளத்தை மரத்தில்தான் கட்டினார், அதுவும் மஞ்சள் மூட்டைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு. குதிரைக்காரன் போடும் முடிச்சு நுனியை ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிடும். மூட்டை முடிச்சு இழுக்க இழுக்க இறுகும்.

பொழுது சாய்கிற நேரத்தில் சிறுத்தை வந்தது.

நாட்ராயன் முடிச்சை ஒரு முறை இழுத்தார். இறுகியது. இன்னொரு முறை இழுத்தார். இன்னும் இறுகியது. அதன் பிறகு அவர் இழுக்கவில்லை. எதிரே இருந்த நாவல் மரத்தில் ஏறிக்கொண்டார். கட்டிய இடத்திலேயே நின்ற பவளத்தின் தொடையில் சிறுத்தை கீறியது. அவள் விட்ட உதையில் புதருக்குள் போய் விழுந்து, வந்த வழியே ஓடிவிட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நாட்ராயன் மட்டும் சொல்லவில்லை. மரத்தின் மேலே இருந்தபோது பவளம் ஒரு முறை தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து பவளம் அவரைச் சுமந்தாள், சொன்ன இடத்துக்குப் போனாள். ஆனால் அவர் கையிலிருந்து ஒரு பிடி கொள்ளு வாங்கித் தின்னவில்லை. அவர் பக்கத்தில் வந்தால் காதைப் பின்னால் மடித்துக்கொள்வாள். லாயக்காரன் ஒருநாள், "ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருக்குதுங்க" என்று சொன்னான். "குதிரை நிக்காம உன்னாட்டம் பாய் விரிச்சுப் படுக்குமா?" என்று நாட்ராயன் அவனை விரட்டினார். குதிரை நின்றுகொண்டே தூங்கும், சாகத்தான் படுக்கும் என்பது அவர் சின்ன வயதிலிருந்து கேட்டு வந்த செய்தி. பாவாத்தாளின் குதிரையும் அதற்குச் சாட்சியாக இருந்தது. கிழவன் என்று அதற்குப் பெயர், வயதும் அப்படித்தான். அது எந்நேரமும் எதன் மேலாவது சாய்ந்து நின்றுதான் தூங்கும்.

இப்போது பவளத்துக்குப் புதிதாக ஒரு நோவு வந்திருந்தது. நின்றுகொண்டிருக்கும்போதே முன்னங்கால் முட்டி மடங்கும். மண்ணில் இடித்துக்கொண்டு திடுக்கிட்டு நிமிர்வாள். இரண்டு முட்டியும் தோலுரிந்து கிடந்தன.

சோறு ஆயிற்று. சாப்பிட்டு முடித்ததும் பாவாத்தாள் பவளத்தின் முட்டியைத் தடவிப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கிருந்து மேல்மலைக்குப் பாறை வழிங்கண்ணா. ஒரு பக்கம் சுவராட்டம் மலை, ஒரு பக்கம் பள்ளம். முட்டி மடங்குற குதிரையை அதுல ஏத்த முடியாது."

"அப்ப இவளை?"

"நாளைக்குச் சந்தைக்காரங்க இந்த வழியாக் கீழ எறங்குவாங்க. அவங்களோட அனுப்பிடலாம்."

நாட்ராயன் முகம் சுண்டிப்போயிற்று.

"மறுபடியும் விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?"

பாவாத்தாள் சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான் எவ்வளவோ பண்ணிப் பார்த்துட்டனுங்க. வெல்லம் கொடுத்தேன், வாங்கல. கெஞ்சினேன். கோயில்ல வேண்டிக்கிட்டு மொட்டைகூடப் போட்டேன்."

"உங்களுக்கா, குதிரைக்கா?"

"எனக்குத்தானுங்க."

"அதை அவ பார்த்தாளா?"

நாட்ராயன் தன் தலையைத் தடவிக்கொண்டார். முடி பாதிதான் வளர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் பாவாத்தாள் தோல்பையை எடுத்துக் கிழவன் முதுகில் போட்டாள். கல்தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது. ஆற்றுக்குப் போய் வர வேண்டும்.

"நானும் வாரனுங்க."

"நீங்க இங்கயே இருங்க. பவளத்தை அவுத்து விடுங்க."

"அவுத்தா ஓடிட மாட்டாளா?"

"ஓடுனா ஓடட்டும். நீங்க ஓடாதீங்க."

நாட்ராயன் தலையைக் குனிந்துகொண்டார். பாவாத்தாள் வலிக்க வேண்டும் என்று சொல்லவில்லை, வலிக்கக் கூடாது என்று பார்த்தும் சொல்லவில்லை.

"கொள்ளு நீட்டாதீங்க. கூப்பிடாதீங்க. தடவிக் கொடுக்காதீங்க. பக்கத்துல நில்லுங்க, அது போதும். நான் வர்ற வரைக்கும் என்ன ஆனாலும் அவளை விட்டு நகரக் கூடாது."

"நின்னு என்ன பண்றதுங்க?"

"நிக்கறதுங்கண்ணா."

கிழவனின் குளம்புச் சத்தம் மரங்களுக்குள் போய் மறைந்தது.

நாட்ராயன் நின்றார். பவளம் கொஞ்ச தூரம் போய் மேய்ந்தாள். அவரும் கொஞ்ச தூரம் போய் நின்றார். அவள் நகர்ந்தால் அவரும் நகர்ந்தார். பத்துப் பேரை வேலை ஏவிப் பழகியவருக்குச் சும்மா நிற்பதைப் போல ஒரு தண்டனை இல்லை. முதலில் கால் வலித்தது. பிறகு கோபம் வந்தது. ஞானம் தேடி வந்தவனைக் குதிரைக்கு நிழலாக நிறுத்திவிட்டுப் போய்விட்டாளே என்று முணுமுணுத்தார். கேட்பதற்கு அங்கே பவளம் மட்டும்தான் இருந்தாள். அவள் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உச்சி வெயில் ஏறியபோது புதருக்குள் ஒரு கிளை முறிந்தது.

பவளம் தலையைத் தூக்கினாள். மூக்குத்துளை விரிந்தது. இன்னொரு கிளை முறிந்தது. அவர் கண் தானாக நாவல் மரத்துக்குப் போயிற்று. ஏறுவதற்கு வசதியான மரம். எந்தக் கிளையில் கால் வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

அவர் மரத்துக்குப் போகவில்லை. துணிச்சல் வந்து நின்றார் என்று சொன்னால் பொய். நடுங்கிக்கொண்டே நாலு எட்டு வைத்துப் பவளத்துக்கும் புதருக்கும் நடுவில் போய் நின்றார். கையில் ஒரு குச்சிகூட இல்லை.

புதர் விலகியது. ஒரு காட்டுப்பன்றி வெளியே வந்தது, பின்னாலேயே குட்டிகள். தாய்ப்பன்றி அவரை ஒரு முறை முறைத்தது. வெயிலில் இந்த மனிதனோடு என்ன வம்பு என்று நினைத்ததோ என்னவோ, குட்டிகளை ஓட்டிக்கொண்டு பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போயிற்று.

நாட்ராயன் வெகுநேரம் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பவளம் ஓடிப்போயிருப்பாள் என்று நினைத்தார். கடைசியில் திரும்பினார். அவள் இருந்த இடத்திலேயே இருந்தாள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் தலை தாழ்ந்தது. முட்டி மடங்கியது.

எப்போதும் போல் திடுக்கிட்டு நிமிர்வாள் என்று நாட்ராயன் காத்திருந்தார். அவள் நிமிரவில்லை. பின்கால்களும் மடங்கின. மெதுவாகக் கீழே இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாலு காலையும் நீட்டிக்கொண்டாள். கழுத்து புல்லில் படிந்தது. கண் மூடியது.

"ஐயோ" என்றார் நாட்ராயன்.

கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவர் சந்தேகப்படவே இல்லை. முடிந்தது என்று நினைத்தார்.

ஆற்றுக்கு ஓடிப் பாவாத்தாளைக் கூட்டி வரலாம். அவளுக்குப் பச்சிலை தெரியும். நாட்ராயன் தாவளத்தின் ஓரம்வரை ஓடினார். அங்கே கால் நின்றுவிட்டது. போய்த் திரும்புவதற்குள் இவள் கண்ணைத் திறந்தால்? போன வருஷம் தலையைத் திருப்பிப் பார்த்தபோது மரத்தின் மேல் ஒரு ஆளாவது தெரிந்தது. இன்றைக்கு அதுவும் தெரியாதே.

திரும்பி வந்தார். வெயில் அவள் முகத்தில் விழாதபடி நின்றுகொண்டார்.

"போறதுன்னா போயிக்கோ, சாமி" என்றார். "நான் இங்கதான் இருக்கறேன்."

அழுதார். தன் தாய் செத்தபோதுகூட நாலு பேர் பார்க்கிறார்களே என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதவர், இன்று துண்டைத் தொடவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது பாவாத்தாள் வந்தாள். வழியில் சேர்ந்துகொண்ட சந்தைக்காரர்கள் இரண்டு பேர் அவளோடு வந்தார்கள். நாட்ராயன் இருந்த இடத்திலிருந்தே கையைத் தூக்கினார்.

"போயிட்டாளுங்க அம்மா. நான் நகரலீங்க. கூட்டிக்கிட்டு வரலாம்னு நெனச்சேன், போகல. நான் நகரவே இல்லீங்க."

பாவாத்தாள் கிழவனின் கயிற்றைச் சந்தைக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தாள். குனிந்து பவளத்தைப் பார்த்தாள். பவளத்தின் கீழுதடு அசைந்தது. கரகரவென்று ஒரு சத்தம் வந்தது.

"குறட்டை" என்றான் சந்தைக்காரன். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். பாவாத்தாள் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

நாட்ராயன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாகலீங்களா?"

"தூங்கறா."

"குதிரை நின்னுக்கிட்டுத்தானுங்களே தூங்கும்?"

"அது கோழித்தூக்கமுங்கண்ணா. நல்ல தூக்கத்துக்குப் படுக்கத்தான் வேணும். ஒரு வருஷமா இவ படுக்கல. நின்ன எடத்துல கண் சொருகிச் சொருகித்தான் முட்டி மடங்குச்சு."

"அப்ப நோவு?"

"ஏதும் இல்ல."

"கிழவனும் படுக்கறதில்லீங்களே?"

"அவன் படுத்தா எந்திரிக்க முடியாது, வயசாயிருச்சு. இவளுக்குப் படுக்கப் பயம். காவல் இருக்குதுன்னு தெரிஞ்சாத்தான் குதிரை காலை நீட்டும்."

சந்தைக்காரன் பொறுமை இழந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"குதிரையை எங்களோட அனுப்பறீங்களா, இல்லீங்களா?"

"இல்லீங்க. எங்களோட மேல வருது" என்றாள் பாவாத்தாள்.

"நாளைக்கா கெளம்பறோமுங்க?" என்றார் நாட்ராயன்.

"ஒரு வருஷத் தூக்கம் பாக்கி இருக்குதே. தூங்கட்டும். கொஞ்ச நாள் இங்கயே இருந்து போவோம்."

சந்தைக்காரர்கள் தண்ணீர் குடித்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். ஒருவன் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சருகில் சத்தம் வராமல் தாவளத்தைக் கடந்தான்.

நாட்ராயன் இன்னும் உட்காரவில்லை. சாய்ந்த வெயிலுக்கு ஏற்றபடி அரை அடி தள்ளி நின்று, பவளத்தின் முகத்துக்கு நிழலைச் சரி செய்தார். அவள் விலாவில் மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார். பிறகு, முதல் நாள் கேட்டதை அடக்க முடியாமல் மறுபடியும் கேட்டார். சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"அப்படீன்னா, அம்மா, இவ என்னை மன்னிச்சுட்டாளுங்களா?"

பாவாத்தாள் அடுப்புக் கல்லின் அருகே உட்கார்ந்து, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெல்லப் பேசுங்கண்ணா. எழுப்பிடப் போறீங்க."