நான்கு மணி நேரத்து ஆறு

தாழையாற்றை மலைக்குள் சுரங்கம் குடைந்து திருப்பிவிட்ட இன்ஜினியர்களில் சங்கரலிங்கமும் ஒருவர். ஓய்வு பெற்ற மறுமாதம், அந்த ஆற்றங்கரையில் இருந்த சிறிய மடத்துக்கே சீடராக வந்து சேர்ந்தார். வேறெங்கே போனாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மடத்தை நடத்தியவர் உலகம்மை. சீடரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அவர் உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. காலையில் கோயில் மடுவுக்குப் போய் மீன்களுக்குப் பொரி போடுவார். வந்து சமைப்பார். யாராவது எதையாவது கேட்டால், தெரிந்தால் சொல்வார்.

ஆற்றில் தண்ணீர் என்று மிஞ்சியிருந்தது அந்த மடு ஒன்றுதான். மேலே அணை, பதினான்கு கிலோமீட்டர் கீழே மின்நிலையம். இடையில் ஆறு சுரங்கத்துக்குள் போய்விட்டது, வெளியே பாறையும் மணலும் கிடந்தன. அம்மன் கோயிலடியில் ஊற்று இருந்ததால் மடு மட்டும் வற்றவில்லை. அதில் முழங்கை நீளக் கெண்டைகள் ஒரு நூறு இருக்கும். அவை அம்மனுடைய மீன்கள். பிடிக்கக் கூடாது, தொடவும் கூடாது. தொட்டவன் குடும்பம் விளங்காது என்று ஊர் நம்பியது. முப்பது வருடமாக அவை பிழைத்துக் கிடந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

ஆனி மாதம் பழைய அலுவலகத்திலிருந்து சங்கரலிங்கத்துக்கு ஒரு கோப்பு வந்தது. பக்கத்து மலையில் ஓடும் ஈட்டியாற்றையும் சுரங்கத்துக்குள் விடப் போகிறார்கள். ஆனால் இந்த முறை ஆற்றை ஒரேயடியாகக் காயப்போட மாட்டார்களாம், கொஞ்சம் தண்ணீர் விட்டுவைப்பார்களாம். எவ்வளவு விட வேண்டும் என்று அவர் ஓர் அளவு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மடத்தில் இருக்கிற மனிதர் சொன்னால் மலைச்சனம் மறுத்துப் பேசாது என்று அலுவலகம் நினைத்தது. நினைத்ததில் தப்பில்லை, பேசாதுதான்.

“அம்மா, ஒரு ஆறு உயிரோட இருக்க எவ்வளவு தண்ணி போதும்?”

உலகம்மை அரிசி களைந்துகொண்டிருந்தார். “நீங்க எவ்வளவு எழுதலாம்னு இருக்கீங்க?”

“பத்துல ஒரு பங்குன்னு அவங்க சொல்லுதாங்க. நான் ரெண்டு பங்கு வாங்கிருவேன்.”

“சண்டை போட்டா?”

“போடுவேன்.”

உலகம்மை களைந்த தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனார். சங்கரலிங்கமும் கோப்பை மூடிவைத்தார்.

ஆனால் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஏதாவது நல்லது செய்துவிட வேண்டும் என்று மனசு அரித்தது. ஆடிப்பெருக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊர்ப் பெண்கள் முப்பது வருடமாக அதைக் குழாயடியில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அணையில் இப்போது பொறுப்பில் இருப்பவர் ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். போய்ப் பேசினார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

“ஷட்டரைத் திறக்கச் சம்மதிச்சுட்டான். ஆடி பதினெட்டு அன்னைக்கு ரெண்டு மணிலேருந்து ஆறு மணி வரைக்கும். ஆறு முழுக்கத் தண்ணி.”

“ஆறு மணிக்கு மூடிருவாங்களா?” என்றார் உலகம்மை.

“மூடித்தானே ஆகணும். ஊரெல்லாம் விளக்குப் போடுற நேரம், மின்நிலையத்துக்குத் தண்ணி வேணும்லா?”

உலகம்மை மடுவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் போல இருந்தது. பிறகு, “வரட்டும். நானும் பாத்து ரொம்ப வருசமாச்சு” என்றார்.

ஆடி பதினெட்டு அன்று தண்ணீர் வந்தது. முதலில் சருகும் நுரையும், பின்னால் முழு ஆறு. கிழவிகள் அழுதார்கள். அதுவரை ஆற்றையே பார்த்திராத பெண்கள் முழங்காலளவில் நின்று கத்தினார்கள். காதோலை கருகமணி விட்டார்கள், மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள், கரையில் உட்கார்ந்து புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் சாப்பிட்டார்கள். கோயிலில் பூக்கட்டும் இசக்கியம்மாள் சங்கரலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லாருக்கணும் ஐயா” என்றாள். இன்ஜினியருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கினார்கள். சற்று நேரத்தில் பாறைகள் தெரிந்தன. சங்கரலிங்கம் பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அடித்துப்போட்டது போல் தூங்கினார்.

காலையில் உலகம்மை மடுவில் பொரி போட்டார். பொரி மிதந்தது. இன்னொரு கை போட்டார். அதுவும் மிதந்தது.

பின்னால் வந்து நின்ற சங்கரலிங்கம் கேட்டார், “அம்மா, மீனெல்லாம் எங்க?”

உலகம்மை ஆற்றின் மேல்பக்கம் நடந்தார். அவரும் கூடவே நடந்தார்.

அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. காக்கைகள் இடத்தைக் காட்டின. பாறைக் குழிகளில், மணல் பள்ளங்களில், காய்ந்த வேர்களுக்கு இடையில் கெண்டைகள் கிடந்தன. பலவற்றுக்கு வயிறு முட்டையால் புடைத்திருந்தது. வந்தது புதுவெள்ளம் என்று நினைத்து முட்டையிட மேலே ஏறியிருக்கின்றன.

இசக்கியம்மாள் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“நேத்து பொழுது சாயும்போதே பாத்தேன் ஐயா. துள்ளிக்கிட்டுதான் கெடந்துச்சு.”

“ஐயோ, தூக்கி மடுவுல விட்டிருக்கலாமே!”

“அம்மன் மீனுல்லா? எப்படித் தொடுவோம்? எல்லாரும் கும்பிட்டுட்டு நின்னோம்.”

சங்கரலிங்கம் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை சேலையைச் செருகிக்கொண்டு, கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்த ஒரு குழிக்குள் இறங்கினார். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்த ஒரு கெண்டையை இரண்டு கையாலும் அள்ளினார். “தாயே!” என்று இசக்கியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே ஓடிப்போய் வீட்டிலிருந்து குடம் கொண்டுவந்தாள். மூன்று பேரும் உச்சி வெயில் வரை தேடினார்கள். உயிரோடு கிடைத்தவை ஏழு.

மடுவில் விட்டதும் ஏழும் ஆழத்துக்குப் போய்விட்டன. சங்கரலிங்கம் கரையில் நின்று பார்த்தார்.

“நான்தான் கொன்னேன்” என்றார்.

“நானுந்தான்” என்றார் உலகம்மை. “ஆறு மணிக்கு மூடிருவாங்களான்னு கேட்டேம்லா? கேக்கும்போதே மனசுல பட்டுச்சு. ஆனா எனக்கும் ஆத்தைப் பாக்கணும்னு ஆசை. வாயை மூடிக்கிட்டேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது அன்றுதான் சீடர் பார்த்தார்.

சாயங்காலம் சங்கரலிங்கம் கோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். உலகம்மைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“நாளைக்கு இதைக் குடுத்தாகணும் அம்மா. நான் எழுதலேன்னா வேற ஒருத்தன் எழுதுவான். அவன் பத்துல ஒண்ணுன்னு எழுதிருவான். நான் எழுதினா ரெண்டாவது கிடைக்கும். கேட்டதையே திரும்பக் கேக்கேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. எவ்வளவு போதும்?”

“நேத்து எவ்வளவு விட்டாங்க?”

“ஆறு முழுக்க. கொஞ்சமும் குறைக்கல.”

“அப்போ அளவுல குறையில்ல.”

உலகம்மை மடுவின் பக்கம் கைகாட்டினார்.

“தண்ணி ஏறி வந்தா மலையில மழை பெய்யுதுன்னு அர்த்தம். இன்னும் நாலு மாசம் ஓடும், போய் முட்டையிடலாம். அந்த மீனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அதுக பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து ஆறு அதுககிட்ட பொய் சொன்னதே இல்ல. நேத்துதான் சொல்லுச்சு.”

வெளியே இசக்கியம்மாள் குடத்தைக் கவிழ்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

சங்கரலிங்கம் கோப்பைத் திறந்தார். ஈட்டியாறு என்று எழுதியிருந்த வரிக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“இதுல என்ன எழுதட்டும்?”

“காலைல பாத்ததை எழுதுங்க.”

அவர் கட்டத்தைப் பார்த்தார். ஒரு எண் எழுதத்தான் அதில் இடம் இருந்தது.

“அதுக்கு இந்த இடம் பத்தாதே அம்மா.”

“பத்தாது” என்றார் உலகம்மை.