கொம்பன் போன துறை

ஒரு பெரிய தீவின் கிழக்குக் கடற்கரையில் ஓர் ஆலா வந்து இறங்கியது. கடல் கடந்து பறக்கும் பறவை அது. ஊர் ஊராகச் சுற்றியதால் அதற்கு வாய் கொஞ்சம் நீளம்.

அதை வரவேற்க இருவாச்சி வந்தது. இருவாச்சிதான் அந்தக் காட்டுக்குத் தலைவர். அலகுக்கு மேல் இன்னோர் அலகு வைத்ததுபோல் இருப்பதால், தன்னை யாரும் மறுத்துப் பேசக் கூடாது என்று அதற்கு ஒரு நினைப்பு.

“உங்க தீவுக்கு என்ன பேரு?” என்று ஆலா கேட்டது.

இருவாச்சி விழித்தது. தீவு அவ்வளவு பெரியது. நடுவில் எப்போதும் மேகம் மூடிய மலை. அதற்கு அப்பால் வேறு ஆறுகளும் வேறு காடுகளும் உண்டு என்று கேள்வி. கிழக்கே இருந்த எந்த மிருகமும் மேற்குக் கரையைக் கண்டதில்லை. முழுதாகப் பார்க்காத ஒன்றுக்கு எப்படிப் பெயர் வைப்பது? யாரும் வைக்கவில்லை.

ஆனால் காலடியில் இருந்த ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் இருந்தது. அங்கே என்ன நடந்ததோ அதுவே பெயர். பன்றி புதைந்த சேறு. இடி விழுந்த மொட்டை மேடு. பட்டினிக் காடு. ஆற்று வளைவில் கொம்பன் போன துறை. கொம்பன் என்பது ஓர் ஆண் கடமான். அந்தத் துறையில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது முதலை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தாய்மார் தங்கள் குட்டிகளுக்கு இந்தப் பெயர்களைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வேறு புத்திமதி கிடையாது. பெயரைக் கேட்டாலே குட்டிக்கு விஷயம் விளங்கிவிடும்.

எல்லாவற்றையும் கேட்ட ஆலா விழுந்து விழுந்து சிரித்தது.

“ஐயய்யோ! என்னங்க இது, சுடுகாட்டுல நடக்கிற மாதிரி இருக்கு! நான் போற தீவுல எல்லாம் முத்துத்துறை, பவழமேடுன்னு பேர் வச்சிருக்காங்க. இப்படிப் பேர் வச்சா எந்த விருந்தாளி வருவான்?”

இருவாச்சிக்கு மானம் போய்விட்டது. உடனே காட்டையே கூட்டியது.

“எல்லாப் பேரையும் மாத்தணும்!” என்று கத்தியது.

தீவு மரகதத் தீவு ஆயிற்று. பன்றி புதைந்த சேற்றுக்குப் பூமெத்தை என்று பெயர். பட்டினிக் காடு வளக்காடு ஆனது. அங்கே அன்றைக்கும் ஒரு பழம்கூடக் கிடையாது, அது வேறு விஷயம். அடுத்து, துறையின் முறை வந்தது. எல்லோரும் ஒரு பெண் கடமானைத் திரும்பிப் பார்த்தார்கள். அது கொம்பனின் தங்கை. அப்போது வயிற்றில் குட்டி இருந்தது.

“மாத்திடுங்க. அந்தப் பேரைக் கேக்கிறப்பெல்லாம் எங்க அண்ணன் கத்தினது காதுல விழுது. எனக்குப் பொறக்கப்போற புள்ளை அதைச் சொல்லிச் சொல்லி வளர வேணாம்” என்றது கடமான்.

பாவம், அது கேட்டதில் என்ன தப்பு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஆற்றோரத்திலிருந்து முதலை மெல்லத் தலையைத் தூக்கியது. “உன் கஷ்டம் புரியுது தாயே! எனக்கும் அந்தப் பேரு தலைகுனிவாத்தான் இருக்கு. மான்துள்ளித் துறைன்னு வைங்க. உங்க இனத்துக்கும் பெருமை!”

முயலளவே இருக்கும் சருகுமான் முன்னால் வந்தது. “பேரை மாத்தினா முதலை அங்கிருந்து போயிடுமா?”

“மான்னு சொன்னா யாரும் உன்னை நினைக்க மாட்டாங்கன்னு உனக்கு வயித்தெரிச்சல்!” என்றது இருவாச்சி.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. சருகுமான் வாயை மூடிக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பிடிவாதம் பிடித்திருக்கலாம். அத்தனை பேர் சிரிக்கும்போது யாருக்குத்தான் பேச்சு வரும்?

கடமானுக்கு ஆண் குட்டி பிறந்தது. புதுப் பெயர்களை எல்லாம் அது பாட்டுப்போல ஒப்பித்தது. கேட்டுத் தாய்க்கு உள்ளம் குளிர்ந்தது. கொம்பன் கதையைக் குட்டியிடம் சொல்ல மனம் வரவில்லை. வளரட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டது.

மழைக்காலம் வந்தது. மலையில் கொட்டிய மழை ஆற்றில் வெள்ளமாக இறங்கியது. மிருகங்கள் சிதறி ஓடின. தாய் ஒரு கரையில், குட்டி மறு கரையில். வெள்ளம் வடிந்ததும் குட்டி ஆற்றைக் கடக்க இடம் தேடியது. தெரிந்த பெயர்களை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தது.

“மான்துள்ளித் துறை! நமக்குன்னே இருக்கிற இடம்!” என்று துள்ளிக்கொண்டு ஓடியது.

எதிர்க்கரையில் குட்டியைத் தேடி வந்த தாய், அது நிற்கும் இடத்தைப் பார்த்தது. பயத்தில் பழைய பெயர்தான் நாக்கில் வந்தது.

“கொம்பன் போன துறை! கொம்பன் போன துறை!” என்று தொண்டை கிழியக் கத்தியது.

குட்டி காதை நிமிர்த்தியது. “அது எங்கேம்மா இருக்கு? நான் மான்துள்ளித் துறையிலதான் நிக்கிறேன்! இதோ வந்துட்டேன்!”

“வேணாம்டா! இறங்காதே!”

குட்டி அதற்குள் குதித்துவிட்டது. கலங்கிய தண்ணீர் ஒருமுறை சுழன்றது. பிறகு ஆறு எப்போதும்போல ஓடியது.

தாய் அழுதுகொண்டே இருவாச்சியிடம் போனது. “பழைய பேரையே வச்சிடுங்க! எம்புள்ளை போயிட்டான்!”

“எனக்கும் துக்கமாத்தான் இருக்கு. ஆனா ஆலாக்கள் எல்லாம் இந்தப் பேரைத்தான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு. இப்போ மாத்தினா நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்?” என்றது இருவாச்சி.

“ஒரு விபத்துக்காக இவ்வளவு நல்ல பேரை மாத்துவாங்களா?” என்று ஆற்றிலிருந்து முதலை கேட்டது. அதன் வயிறு உப்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“பேரை மாத்தச் சொல்லிக் கேட்டதே நீதானே?” என்றது இருவாச்சி.

கடமான் அங்கிருந்து திரும்பி நடந்தது.

அதன் பிறகு அது துறைக்குப் போகும் வழியிலேயே நின்றது. வருகிற குட்டிகளை எல்லாம் மறித்தது. “போகாதீங்கடா கண்ணுங்களா! அது கொம்பன் போன துறை!”

“அப்படி ஒரு இடமே கிடையாதே அத்தை!” என்று குட்டிகள் சிரித்தன. புதுப் பெயர்களைப் பாடிக்கொண்டே ஆற்றை நோக்கி ஓடின. அவை எல்லாம் திரும்பி வந்தன என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

மனம் வலிக்கிறது என்று ஓர் ஆபத்தின் உண்மைப் பெயரை மறைப்பவர்கள், அந்த ஆபத்தைத் தங்கள் பிள்ளைகளின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.