காதை எட்டாத கை

வடசென்னையில், மில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டிய ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிக்குக் கல்வெட்டு தயாராகிக்கொண்டிருந்தது. தொடங்கிய ஆண்டு மட்டும் வெட்டப்படவில்லை. அதன் கீழே தலைமையாசிரியை மங்கையர்க்கரசியின் பெயர் ஏற்கெனவே ஏறிவிட்டது.

கோப்பில் இருந்த ஆண்டு 1948. மாநகராட்சி ஆணையும் முதல் சேர்க்கைப் பதிவேடும் அந்த வருஷத்தவை. ஆனால் 1926 முதலே அதே இடத்தில், ஒரு பஞ்சுக் கொட்டகையில், மில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்ததாகத் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். காகிதம் எதுவும் இல்லை. எண்பத்தாறு வயது குப்பம்மாள் எழுத்துப் படித்தது அந்தக் கொட்டகையில்தான். முன்னாள் மாணவர் கூட்டத்துக்கு வந்த அவரை, பதிவேட்டில் பெயர் இல்லை என்று அலுவலக எழுத்தர் திருப்பி அனுப்பியிருந்தார்.

கல் வெட்டுபவர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மங்கையர்க்கரசி, தனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த எஸ்தர் டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். மங்கையர்க்கரசி எல்லாவற்றையும் சொன்னார், குப்பம்மாள் திரும்பிப் போனதையும் சேர்த்து.

"தப்பான வருஷம்னா என் பேர் மேலேயே நிக்கும் டீச்சர். பள்ளிக்கூடம் பிறந்தது எப்போ?"

"நீ பிறந்தது எப்போ?"

"ஜூன் ஒண்ணு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஐப்பசி, அடைமழைன்னாங்க. எங்க வகுப்புல முப்பது பேருக்கு ஜூன் ஒண்ணு. எல்லாம் உங்க கையெழுத்து. உங்களாலதான் எனக்கு அஞ்சு மாசம் முன்னாடியே ரிட்டயர்மெண்ட்."

டீச்சர் சிரித்தார். வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் அதுதான் கணக்கு. விரல் காதை எட்டினால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்ளலாம்.

மங்கையர்க்கரசிக்குத் தோள்வலி. கை எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துத் தொட்டார்.

"அன்னிக்கும் இப்படித்தான் சாய்ச்சே."

"பார்த்துட்டுமா எழுதினீங்க?"

"பார்த்தேன். உங்கம்மா ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. இடுப்புல உன் தம்பி. திருப்பி அனுப்பினா அவனைப் பார்த்துக்கன்னு உன்னை வீட்டோட விட்டிருப்பா."

"தப்பு இல்லையா டீச்சர்?"

"தப்புதான். அஞ்சு மாசத் தப்பு."

கைப்பையில் போன் அடித்தது. கல் வெட்டுபவர். மங்கையர்க்கரசி எடுக்கவில்லை.

"கொட்டகைக்குக் காகிதம் இல்லையே டீச்சர். நான் எதை வெட்டச் சொல்ல?"

எஸ்தர் டீச்சர் அடுத்த மொச்சையை எடுத்தார்.

"நான் எழுதின தேதி உன்னை உள்ளே விட்டுச்சு. நீ வெட்டப்போற வருஷம் குப்பம்மாவை உள்ளே விடுமா?"