இருபது விரல் ராஜா

ஐப்பசி மழையில் பெரிய ஏரிக்கரை உடைந்து, ஒரு நாட்டில் அறுபத்தொரு பேர் இறந்தார்கள். கரைக்கென்று வந்த கல் அரண்மனை மதிலுக்குப் போயிருந்தது. அதனால் அரசன், "இறந்தோர் இருபது பேர். கூடச் சொன்னால் குற்றம்" என்று இருபது பெயர்களை மட்டும் சொல்லிப் பறையறைவித்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூத்துக் களத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் அரசனையும் கேலி செய்யலாம், தண்டனை இல்லை. சாவு வீட்டாரைக் கேலி செய்தால் மட்டும் சலங்கையைக் கழற்றிவிட வேண்டும். ஆயுளுக்கும் மறுபடி கட்டக் கூடாது. வேடம் கலைக்கும்வரை தன் வீட்டுக் கதையையும் அவன் பேசக் கூடாது.

முப்பதாம் நாள் பகலில் கூத்து நடந்தது. கரையோரத்துப் பன்னிரண்டு ஊரும் கூடியிருந்தன. எப்போதும் இரண்டு கட்டியக்காரர்கள் வருவார்கள். அன்று வேடியப்பன் மட்டும் வந்தான். எலி நாட்டு ராஜா வேடம். வெள்ளத்தில் செத்த எலிகளைக் கைவிரலில் எண்ணினான், கால்விரலில் எண்ணினான், இருபதில் நின்றான்.

"விரல் தீந்துபோச்சு. மிச்சம் யாரும் சாகலைன்னு எழுதிக்கோ!"

களம் சிரித்தது.

"வாலையும் சேத்துக்கோ ராஜா!" என்று ஒருவன் கத்தினான்.

"வாலு அரண்மனைச் சொத்துடா. வேணும்னா நீங்க விரல் கடன் குடுங்க."

சிரிப்பு மெல்ல அடங்கியது. பறையில் பெயர் சேராத சாவு வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து, ஓர் உயிருக்கு ஒரு விரல் நீட்டினார்கள். பச்சையம்மாள் இரண்டு நீட்டினாள், இரண்டு மகன்கள். எல்லோரும் நீட்டி முடித்தபோது நாற்பது விரல்.

"அறுபத்தொண்ணு. கணக்கு சரி" என்று வேடியப்பன் ஆட்டத்தை முடித்தான்.

இறங்கியவனைப் பச்சையம்மாள் மறித்தாள். "முப்பது நாளா நான் பல்லக் காட்டலடா. இன்னிக்கு உன்னால சிரிச்சுட்டேன். எம்புள்ளைங்க சாவுல என்னச் சிரிக்க வெச்ச நீ, கழட்டுடா சலங்கைய."

அவன் குனிந்து முடிச்சைத் தளர்த்தினான். கூத்து வாத்தியார் துரைக்கண்ணு, "கைய எடுப்பா" என்று தடுத்தார்.

வாத்தியார் எதைக் கண்டு தடுத்தார்? பச்சையம்மாள், வேடியப்பன் இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: இருபதும் நாற்பதும் அறுபது. வேடியப்பன் சொன்னது அறுபத்தொன்று. யாரும் விரல் நீட்டாத அந்த ஒன்று, களத்துக்கு வராத இரண்டாவது கட்டியக்காரன், வெள்ளத்தில் இறந்த வேடியப்பனின் தம்பி. வேடத்தில் இருந்ததால் வேடியப்பன் அதைச் சொல்லவில்லை. ஆகவே அவனும் சாவு வீட்டான். அவன் கேலி செய்தது அரசனின் விரல் கணக்கைத்தான், சாவு வீட்டாரை அல்ல. பச்சையம்மாள் கேட்டதிலும் தவறில்லை. அந்த ஒன்று யாரென்று அவளுக்குத் தெரியாது. வாத்தியார் சொல்லித் தெரிந்ததும் அவள் குனிந்து, தளர்ந்த முடிச்சைத் தானே இறுக்கிக் கட்டினாள்.