மகுடத்தின் மேல் வழக்குப் போட்ட நீர்நாய்

ஆற்றங்கரைக் காட்டில் ஒரு நீர்நாய் மூன்று குட்டிகளோடு வளையில் குடியிருந்தது. அந்த வளை இருந்த இடம்தான் அந்தப் பக்கத்தில் வெள்ளம் ஏறாத ஒரே மேட்டுக்கரை.

அந்தக் காட்டுக்கு ராஜா ஒரு சிங்கம். ஆனால் அது கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தது. காட்டில் ஒருவரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. அதன் மகுடம் மட்டும் கப்பலேறி வந்து, ஆலமரத்தடியில் ஒரு மரக்கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. போகிற வருகிற மிருகமெல்லாம் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

ராஜாவுக்குச் சாலை வேண்டுமாம். வராத ராஜாவுக்குச் சாலை எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. சாலைக்குப் பாறை உருட்டி வந்த அரசாங்க யானை, பெரிய பாறை ஒன்றை நீர்நாயின் வளை வாசலிலேயே போட்டுவிட்டது. நல்ல வேளையாகத் தாயும் குட்டிகளும் அப்போது ஆற்றில் இருந்தன. ஐப்பசி மழைக்கு இருபதே நாள்தான் இருந்தது. வெள்ளம் வந்தால் குட்டிகளை ஆறு கொண்டுபோய்விடும்.

நீர்நாய் யானையிடம் போய்க் கெஞ்சியது. யானை நல்ல மனசு உள்ளதுதான். அதற்கும் வருத்தம்தான்.

"போடச் சொல்லி உத்தரவு வந்தது, போட்டேன். எடுக்கச் சொல்லி இன்னும் வரவில்லையே தங்கச்சி" என்றது.

சரி, நியாயம் கேட்போம் என்று நீர்நாய் ஆலமரத்தடிக்குப் போனது. அங்கே கரடி நீதிபதி. ராஜாவுக்கு வக்கீல் நரி. யானை ராஜாவின் ஊழியன், ஆகையால் வழக்கு மகுடத்தின் மேல்தான் போட வேண்டும் என்று நரி எடுத்துச் சொன்னது. நீர்நாய் கட்டையின் மேல் இருந்த மகுடத்தை மேலும் கீழும் பார்த்தது. அதற்குக் கையும் இல்லை, காலும் இல்லை. இதுவா பாறையை உருட்டியது என்று கேட்டுவிட்டது. கரடி உறுமி, வாயை அடக்கச் சொன்னது.

நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டம் சொன்னது. ராஜா தப்பே செய்யமாட்டார். ஆகவே மகுடத்தின் மேல் வழக்குத் தள்ளுபடி. அப்படியானால் தப்பு யானையுடையதா? அதுவும் இல்லையாம். யானை செய்தது ராஜாவின் உத்தரவு. தப்பே செய்யாதவரின் உத்தரவில் தப்பு எப்படி இருக்கும்?

"அப்போ என் வாசலில் கிடக்கிற பாறை?" என்று கேட்டது நீர்நாய்.

"பாறை கிடக்கிறது. அதைப் போட்டவர்தான் யாரும் இல்லை" என்றது நரி.

நீர்நாய்க்குத் தலை கிறுகிறுத்தது. இதைச் சொல்லும்போது எனக்கே கிறுகிறுக்கிறது. நரி சொன்னதையே தீர்ப்பாகச் சொன்ன கரடியும் காதைச் சொறிந்துகொண்டு ஆகாயத்தைப் பார்த்தது. பிறகு இரக்கப்பட்டு ஒரு வழி காட்டியது. ராஜா எழுத்து மூலம் வாக்குக் கொடுத்து அதை மீறினால் வழக்குப் போடலாமாம். ஆனால் அதற்கும் ராஜாவிடம் அனுமதி வாங்க வேண்டும். மனு கப்பலில் போய்த் திரும்ப ஆறு மாதம் ஆகும்.

"ராஜாவின் மேல் வழக்குப் போட ராஜாவிடமே அனுமதியா?"

"ஆமாம். பெரிய மனசு அவருக்கு, பெரும்பாலும் கொடுத்துவிடுவார்" என்றது நரி.

நீர்நாய் அழுதுகொண்டே ஆற்றுக்குத் திரும்பியது. குட்டிகளிடம் என்ன சொல்வது என்றே அதற்குத் தெரியவில்லை. வழக்கில் தோற்றோமா, வழக்கே நடக்கவில்லையா என்பதுகூடப் புரியவில்லை.

எட்டு நாளில் சாலை ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது. ஆற்றில் எங்கே காலை வைத்தாலும் சேறு யானையை இழுத்தது. கால் ஊன்றிக் கடக்கும் துறை நீர்நாய் ஒருத்திக்குத்தான் தெரியும். நரி வாயெல்லாம் பல்லாக வந்தது. நீ துறையைக் காட்டு, சாலை முடிந்ததும் உன் பாறையை எடுத்துவிடுவோம் என்று ஓலையில் எழுதி, ராஜ முத்திரையும் குத்தி நீட்டியது.

நீர்நாய் ஓலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தது.

"ஏன், ராஜாவின் வாக்கில் உனக்கு நம்பிக்கை இல்லையா?" நரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருக்கிறது நரியாரே. ஆனால் ராஜா வாக்குத் தவறினால், அதைக் கேட்க ராஜாவிடமே அனுமதி கேட்க வேண்டும். அதற்கு ஆறு மாதம். மழைக்குப் பன்னிரண்டு நாள். முதலில் பாறையை எடுங்கள், பிறகு துறையைக் காட்டுகிறேன்."

நரி பல்லைக் கடித்தது. வேறு வழியில்லாமல் யானைக்குத் தலையசைத்தது. யானை தந்தத்தை ஊன்றி ஒரே நெம்பு நெம்பியது. பாறை உருண்டு போனது. நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வளைக்குள் விட்டது. அதன் பிறகு ஆற்றில் இறங்கி, சொன்ன சொல் மாறாமல் துறையைக் காட்டியது. பன்னிரண்டாம் நாள் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு ஓடியது. மேட்டுக்கரை வளையில் மூன்று குட்டிகளும் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு தூங்கின.

தட்டிக்கேட்க முடியாதவரோடு ஒப்பந்தம் செய்தால், நமக்கு வர வேண்டியதை வாங்கிக்கொண்ட பிறகே நம் கையில் இருப்பதைக் கொடுக்க வேண்டும்.