தவசி வாசல் புல்லை அறுத்த கதை

அந்தக் காலத்தில் வண்டுக்கும் வாய் இருந்தது. பூவில் உட்கார்ந்தால் பூவோடு பேசும், வேலியில் உட்கார்ந்தால் வீட்டுக்காரனோடு பேசும். மனிதர்களும் அதை அதிசயமாக நினைக்கவில்லை.

அப்போது தவசி என்று ஒருவன் இருந்தான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். சிலம்பாயி என்று ஒரே மகள். வீட்டை ஒட்டி ஒரு கத்தரித் தோட்டம், அதுதான் இருவருக்கும் கஞ்சி ஊற்றியது. பெண்டாட்டி போன துக்கத்தில் அவன் வாசலைச் செதுக்காமல் விட்டுவிட்டான். முதலில் புல் வந்தது. புல்லுக்குள் தும்பை வந்தது, துத்தி வந்தது, கிணற்றடிப்பூண்டு மஞ்சளாகப் பூத்தது. பூவைப் பார்த்து நீல வரி போட்ட வண்டுகள் வந்தன. வந்த வண்டுகள் தோட்டத்துக்குள்ளும் போயின.

கத்தரிப் பூ கொஞ்சம் கஞ்சம். மகரந்தத் தூளை உள்ளே வைத்து இறுக்கி மூடிக்கொள்ளும். நீலவரி வண்டு அதைக் கட்டிப் பிடித்து, உடம்பெல்லாம் அதிர ஓர் உலுக்கு உலுக்கும். அப்புறந்தான் தூள் கொட்டும், பிஞ்சு பிடிக்கும். அந்த வருஷம் செடி தாங்காமல் காய்த்தது.

வண்டுகளில் வரியன் என்று ஒருவன் தவசியோடு ஒட்டிக்கொண்டான்.

"மாமோய், உன் பூவ உலுக்கி உலுக்கி எனக்கு இடுப்பே விட்டுப்போச்சு."

"உனக்கு ஏதுடா இடுப்பு? நூல் மாதிரி ஒண்ணு தொங்குது."

"அந்த நூல்லதான் மாமா உன் குடும்பம் தொங்குது!"

பெண்டாட்டி போனபின் தவசி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "உனக்கு என்னடா வேணும், கேளு" என்றான்.

"வாசல் புல்ல மட்டும் அறுக்காத மாமா. எங்களுக்கு அதுதான் எல்லாம்."

"அறுக்க மாட்டேன். போ" என்று வாக்குக் கொடுத்தான்.

அந்த வாக்கு அவன் அக்கா காத்தாயி வருகிற வரைக்கும் நின்றது. மறுநாள் சிலம்பாயியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லத்தான் அவள் வந்தாள். வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டா தவசி, இது வீடா, நரி குட்டி போடுற இடமா? போன தடவ வந்தவுக வாசலோட திரும்பினது மறந்துபோச்சா? புதருக்குள்ள பாம்பு கெடக்கும்னு பொண்ணு மொகத்தக்கூடப் பாக்காமப் போனாகளே!"

"வண்டுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா."

"அப்ப அந்த வண்டையே உன் மகளக் கட்டிக்கச் சொல்லு. பொம்பள இல்லாத வீடுன்னு புல்லுல எழுதி ஒட்டியிருக்கு. அவ இப்படியே இருந்து நரைக்கட்டும்."

உள்ளே சிலம்பாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றுபோனது. அந்தச் சத்தம் நின்றதுதான் தவசிக்கு அக்காவின் பேச்சைவிட அதிகம் வலித்தது.

அவன் கெட்டவன் இல்லை. யோசித்துத்தான் செய்தான். 'திங்கத்தானே வருதுங்க? வேலியில பூ இருக்கு, தோட்டத்துல பூ இருக்கு. பொழுது சாஞ்சு அதுஅது வீட்டுக்குப் போனப்புறம் அறுத்தா ஒண்ணுக்கும் நோகாது.' அப்படி நினைத்துக் காத்திருந்தான். வெளிச்சம் மங்கியது. வாசல் மேல் ரீங்காரம் அடங்கியது. ஒரு வண்டும் பறக்கவில்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் கதிரருவாளை எடுத்தான்.

பிடி பிடியாக அறுத்தான். கட்டாகப் போட்டு, முழங்காலை ஊன்றி, இறுக்கிக் கட்டினான். ஏதோ நெறுநெறுவென்றது. காய்ந்த தண்டு என்று நினைத்துக்கொண்டான்.

விடிந்ததும் மாட்டுக்குப் போடலாமென்று கட்டை அவிழ்த்தான்.

ஒவ்வொரு தண்டிலும் வரிசையாக, பாசிமணி கோத்ததுபோல நீலவரி வண்டுகள். தண்டை வாயால் கவ்விக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, தூங்கிய மேனிக்கே நசுங்கிக் கிடந்தன. ஒன்றுகூட வாயை விடவில்லை.

அடியில் ஒன்று மட்டும் அசைந்தது. வரியன். ஒரு பக்கத்து இறகு இல்லை.

தவசி மண்டியிட்டுக் குனிந்தான். "வீட்டுக்குப் போயிருப்பீகன்னு நெனச்சேன்டா."

வரியன் அவனையே பார்த்தான்.

"இதுதான் மாமா வீடு."

வண்டு மனிதனோடு பேசிய கடைசிப் பேச்சு அது. அதற்குமேல் வரியன் வாயைத் திறக்கவில்லை. தண்டைக் கவ்விக்கொண்டான். வெயில் ஏறுவதற்குள் அவனும் அசைவற்றுப் போனான். காற்று வாக்கில் சேதி பரவி, எந்த ஊர் வண்டும் அதன்பிறகு மனிதனிடம் வாய் திறக்கவில்லை. முனகலோடு நிறுத்திக்கொண்டது.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு வாசல் பிடித்துப்போனது. "கழுவிவிட்ட தாம்பாளம் மாதிரியில்ல இருக்கு!" என்றார்கள். சிலம்பாயிக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்திக்குக் கத்தரிக்காய் அசலூரிலிருந்து வந்தது. தவசியின் தோட்டத்தில் பூத்த பூவெல்லாம் காம்போடு கழன்று விழுந்துகொண்டிருந்தன.

மகள் போனபிறகு அவன் செடிக்குச் செடி குனிந்தான். பூவை இரண்டு விரலால் பிடித்து, உதட்டைச் சேர்த்து, வண்டு மாதிரியே முனகிப் பார்த்தான். பூ திறக்கவில்லை. தோட்டம் தரிசாயிற்று. கூலிக்குப் போய்க் கஞ்சி குடித்தான். வாசலில் புல் திரும்ப வளர்ந்தது. ஒரு வண்டும் வரவில்லை.

பொழுது சாய்ந்தபின் ஊரில் யாராவது கீரை கிள்ளினாலும், பூப் பறித்தாலும், புல் அறுத்தாலும் தவசி ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்வான்.

"தூங்குதுப்பா. தொடாத."

எது தூங்குகிறது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. செடியைச் சொல்கிறான் என்று ஊர் எடுத்துக்கொண்டது.

அன்று முதல்தான், விளக்கு வைத்தபிறகு செடி கொடியில் நாம் கை வைப்பதில்லை. கேட்டால், செடி தூங்குகிறது என்கிறோம்.